கும்பகர்ணன் விழ எத்தனை விநாடி? – யுகோ சாகோவின் ராமாயணச் சித்திரப்படம் பற்றி ஓர் இயற்பியல் ஆசிரியரின் மதிப்பீடு

தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனையில் போய் நின்றிருக்கிறீர்களா? கிழக்கே முகம் வைத்து நின்றால் இடக்கைப் பக்கம் ஒரு கடல், வலக்கைப் பக்கம் ஒரு கடல். இடப்பக்கம் பாக் நீரிணை. எங்கள் பகுதி மக்கள் இதைப் பெண்கடல் என்பார்கள். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல் திட்டுகள். ராமன் அணை கட்டியது இங்கேதான் என்று எங்கள் பாட்டிமார் கைநீட்டிக் காட்டிய இடம் இது.

இந்த இடத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதையை முழுநீளச் சித்திரப்படமாக எடுத்து உலகத்துக்குக் காட்டியவர் ஒரு ஜப்பானியர். அவர் பெயர் யுகோ சாகோ. படத்தின் பெயர் 'ராமாயணம்: இளவரசன் ராமனின் கதை'. 1993 ஜனவரியில் புது டெல்லியில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் இது காட்டப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் தொலைக்காட்சியின் கார்ட்டூன் அலைவரிசையில் வந்து நம் நாட்டுப் பிள்ளைகளின் மனத்தில் இடம் பிடித்தது. 2025 ஜனவரி 24 அன்று படச்சுருள் புதுப்பிக்கப்பட்டு, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது.

அறிவியல் பத்திரிகையில் ஒரு புராணப் படத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்ட வேறொரு கேள்விதான் அதற்குப் பதில். படம் பார்த்துவிட்டு வந்தவர், "சார், கும்பகர்ணன் அவ்வளவு பெரிய ஆள், அவ்வளவு எடை. விழும்போது மட்டும் ஏன் சார் அவ்வளவு மெதுவா விழறான்? எடை கூடினா வேகமாத்தானே விழணும்?" என்று கேட்டார். கலிலியோ பதில் சொல்லி முடித்த கேள்வி இது. நம் மாணவர் தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டார். ஆனாலும் திரையில் பார்த்தபோது பழைய சந்தேகம் தலைதூக்குகிறது. அப்படியானால் அந்தப் படத்தில் இயற்பியல் இருக்கிறது என்றுதானே பொருள்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

யார் இந்த சாகோ?

யுகோ சாகோ 1928-இல் பிறந்தவர். சித்திரக்காரராகத் தொடங்கியவர் அல்லர். செய்திப்படங்கள், ஆவணப்படங்கள் எடுத்தவர். 1983-இல் தொல்பொருள் அறிஞர் பி. பி. லால் அலகாபாத் அருகே நடத்திய அகழ்வாராய்ச்சிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தார். அந்த வேலையின்போதுதான் ராமாயணக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயணங்களைத் தேடிப் படித்தார்; பத்து வடிவங்களைப் படித்தார் என்பது குறிப்பு.

மண்ணைத் தோண்டுவதைப் படமெடுக்க வந்தவர் கதையைத் தோண்டத் தொடங்கிவிட்டார். இந்தக் கதையை நடிகர்களை வைத்து எடுக்க அவர் விரும்பவில்லை. ராமனைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்; ஒரு நடிகரின் முகத்தை அதற்கு மாட்டுவதைவிட ஓவியமே பொருத்தம் என்பது அவர் கருத்து.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அவருடைய ஆவணப்படம் பற்றிய செய்தி பத்திரிகையில் வந்ததும், அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, அந்நியர் ஒருவர் ராமாயணத்தைத் தம் விருப்பப்படி படமாக்கக் கூடாது என்று ஒரு கண்டனக் கடிதம் டெல்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்குப் போனது. அவர் விளக்கம் சொல்லித் தெளிவுபடுத்தினார். பின்னர் இரு நாடுகளும் சேர்ந்து சித்திரப்படம் எடுக்கலாம் என்று யோசனை கூறினார். நம் அரசுத் தரப்பில் முதலில் இசைவு இருந்தாலும் முடிவில் மறுக்கப்பட்டது. ராமாயணம் உணர்ச்சிக்குரிய பொருள், அதைக் கார்ட்டூனாகக் காட்டக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம்.

கடைசியில் படம் ஜப்பானிலேயே தயாரிக்கப்பட்டது. ஏறத்தாழ 450 கலைஞர்கள் உழைத்தார்கள். இந்தியாவிலிருந்து ராம் மோகன் இயக்குநர்களில் ஒருவராகச் சேர்ந்தார். ஜப்பானின் கோயிச்சி சசாகி மற்றொருவர். இசை வன்ராஜ் பாட்டியா. படம் முடிந்து டெல்லி விழாவுக்கு வந்தபோது, அயோத்தியில் 1992 டிசம்பரில் நடந்த இடிப்புக்கும் அதைத் தொடர்ந்த கலவரங்களுக்கும் ஒரு மாதமே ஆகியிருந்தது. அந்தச் சூழலில் படத்துக்கு நம் நாட்டில் உரிய திரையரங்க வாழ்வு கிடைக்கவில்லை. ஜப்பானிலேயே 1997-இல்தான் வெளியாயிற்று. சாகோ 2012-இல் காலமானார். தமிழ்நாட்டுத் திரையரங்கில் தம் படம் ஓடியதை அவர் பார்க்கவில்லை.

'கார்ட்டூனாகக் காட்டக் கூடாது' என்ற அந்தச் சொல்லைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதற்கு வருவேன்.

கண் பார்க்கிறதா, மூளை பார்க்கிறதா?

சித்திரப்படம் எப்படி அசைகிறது? 'பார்வை நிலைப்பு' என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒரு பிம்பம் விழித்திரையில் விழுந்தபின் விநாடியில் பதினாறில் ஒரு பங்கு நேரம் நிலைத்திருக்கும். அதற்குள் அடுத்த பிம்பம் வந்துவிட்டால் அசைவு தொடர்ச்சியாகத் தெரியும் என்பது அந்த விளக்கம். இது பாதிதான் சரி. பிம்பங்கள் நிலைத்திருப்பது மட்டும் நடந்தால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பல்லவா தெரியவேண்டும்? அசைவு தெரிவது எப்படி?

1912-இல் ஜெர்மானிய உளவியலறிஞர் மாக்ஸ் வெர்தைமர் இதை ஆராய்ந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரு கோடுகளைத் தக்க இடைவெளிவிட்டு மாறி மாறிக் காட்டினால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாக நாம் காண்கிறோம். நகர்ந்தது எதுவுமில்லை. நடுவிலுள்ள பாதையை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆக, சித்திரக்காரர் வரைவது பாதி. மீதியை நாம் வரைகிறோம்.

எவ்வளவு இடைவெளியை நம்மிடம் விடலாம்? இங்கேதான் நாட்டுக்கு நாடு பாணி மாறுகிறது. திரைப்படச் சுருள் விநாடிக்கு 24 கட்டங்கள் ஓடும். அமெரிக்காவில் டிஸ்னி கூடத்தார் விநாடிக்கு 24 அல்லது 12 ஓவியங்கள் வரைந்தார்கள். உடம்பு முழுவதும் குழைந்து அசையும். ஜப்பானிலும் 1958-இல் தோயே கூடம் வெளியிட்ட 'வெள்ளைப் பாம்பின் கதை' போன்ற படங்களில் அந்த முயற்சி இருந்தது. ஆனால் 1963-இல் ஒசாமு தெசூகா 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற தொடரைத் தொலைக்காட்சிக்குத் தொடங்கியபோது பணமும் நேரமும் போதவில்லை. ஓர் ஓவியத்தை மூன்று கட்டங்களுக்கு நிறுத்தினார்கள். விநாடிக்கு 8 ஓவியங்கள் போதும் என்றாயிற்று. பேசும்போது உதடு மட்டும் அசையும். ஓடும்போது பின்னணி நகரும். வறுமையில் பிறந்த இந்தச் சிக்கனம் பின்னால் ஒரு கலைநயமாகவே வளர்ந்தது. எதை அசைப்பது, எதை அசையாமல் நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் நயம் அது.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். சாகோவின் படம் 135 நிமிடம். அதாவது 8,100 விநாடி. விநாடிக்கு 24 வீதம் 1,94,400 கட்டங்கள். இரண்டு கட்டத்துக்கு ஓர் ஓவியம் என்றால் 97,200; மூன்றுக்கு ஒன்று என்றால் 64,800. இது ஓர் உருவத்துக்கு மட்டும். ராமன் ஒரு தாளில், இலட்சுமணன் ஒரு தாளில், பின்னால் வரும் வானரம் ஒரு தாளில் என்று ஒளி ஊடுருவும் தாள்களை அடுக்கிப் படமெடுத்தார்கள். அப்படியானால் எண்ணிக்கை பெருகும். கணினி வண்ணம் தீட்டித் தராத காலம். ஒவ்வொரு தாளும் கையால் வரைந்து கையால் வண்ணமிட்டது.

இரண்டு பள்ளிகள் ஒரு மேசையில்

இந்தப் படத்தின் பாணியைப் புரிந்துகொள்ள ராம் மோகனையும் அறிந்துகொள்ள வேண்டும். 1956-இல் பம்பாயில் இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் கார்ட்டூன் கூடம் தொடங்கியபோது, டிஸ்னியின் 'பாம்பி' முதலிய படங்களில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் பயிற்சியளிக்க வந்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் ராம் மோகன். பின்னர் 1972-இல் சொந்தக் கூடம் தொடங்கினார். சத்யஜித் ராயின் 'சதுரங்க ஆட்டக்காரர்கள்' (1977) படத்தில் வரும் சித்திரப் பகுதி அவருடையது. யூனிசெஃப் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய 'மீனா' என்ற சிறுமி தெற்காசியா முழுவதும் பெண்கல்விக்குத் தூது சென்றாள். 2014-இல் பத்மஸ்ரீ பெற்று, 2019-இல் மறைந்தார்.

ஆகவே இந்தப் படத்தில் இரண்டு பள்ளிகள் ஒரே மேசையில் உட்கார்ந்தன. வீக்ஸ் வழியாக வந்த டிஸ்னிக் கல்வி ஒரு பக்கம்; ஜப்பானியச் சிக்கனம் மறுபக்கம். நடுவில் ஆவணப்படக்காரரான சாகோ. உடை, கட்டிடம், வழக்கம் ஆகியவற்றில் இந்தியர் திருத்தம் சொன்னார்கள். இது சிறு வேலை என்று நினைக்காதீர்கள். வேட்டி கட்டியவர் நடக்கும்போது துணி எங்கே மடியும், எங்கே பறக்கும் என்பது கால்சட்டை போட்ட ஊர்க்காரருக்குத் தெரியாது. பெரியவர் காலைத் தொட்டு வணங்குவதும், ஜப்பானியர் இடுப்பை வளைத்து வணங்குவதும் ஒன்றல்ல. உடலின் ஈர்ப்பு மையம் இரண்டிலும் வெவ்வேறு பாதையில் இறங்குகிறது. பார்த்தறிந்தவர் சொன்னாலன்றி வரைய முடியாது.

பலன் என்ன? ஜப்பானியப் படங்களுக்கே உரிய பெரிய கண்களும் கூரிய மூக்கும் இதிலும் உண்டு. ஆனால் காடும் அரண்மனையும் வரையப்பட்ட விதத்தில் ஆவணப்படக்காரரின் பொறுமை தெரிகிறது. நான் ராமநாதபுரத்தில் தமிழ்வழி மாணவனாக இருந்த நாளில் இதை முதன்முதலில் ஆங்கிலத்தில் தொலைக்காட்சியில் பார்த்தேன். வசனம் பாதி புரியவில்லை. அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. தெரிந்த கதைதானே என்பீர்கள், உண்மை. ஆனால் எடை கூடிய ஒன்று எடை கூடியதாகத் தெரிந்ததே, அதற்குக் கதை தெரிந்திருந்தால் போதாது.

கும்பகர்ணன் கணக்கு

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். எடை கூடினால் வேகமாக விழாது. எல்லாப் பொருளுக்கும் ஈர்ப்பு முடுக்கம் ஒன்றே, விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர். விழும் நேரம் உயரத்தைப் பொறுத்தது, அதுவும் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது.

1.7 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தரைக்கு வர ஏறத்தாழ 0.59 விநாடி ஆகும். திரையில் அது 14 கட்டங்கள். கும்பகர்ணன் நம்மைப்போல் 16 மடங்கு உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது சுமார் 27 மீட்டர். அவன் தலை உயரத்திலிருந்து தரைக்கு வர 2.36 விநாடி ஆகும். ஏறக்குறைய 57 கட்டங்கள். உயரம் 16 மடங்கு, நேரம் 4 மடங்கு. (மரம் சாய்வதுபோல் விறைப்பாகச் சாய்ந்து விழுந்தால் நேரம் இன்னும் கூடும், ஆனால் அங்கும் 4 மடங்கு என்ற விகிதம் மாறாது.)

இதில் ஓர் அழகைக் கவனியுங்கள். திரையில் கும்பகர்ணனின் உருவமும் நம் உருவமும் ஒரே அளவுதான். அவன் பெரியவன் என்று நமக்கு யார் சொல்வது? பக்கத்தில் எறும்புபோல் ஓடும் வானரங்கள் சொல்கின்றன. அதைவிட உறுதியாகச் சொல்வது நேரம். 14 கட்டங்களில் விழுந்தால் அவன் பொம்மை. 57 கட்டங்களில் விழுந்தால் மலை. பிறந்த நாள் முதல் பந்து விழுவதையும், மரம் சாய்வதையும், அலை உடைவதையும் பார்த்துப் பார்த்து நம் மூளை இந்த வர்க்கமூலக் கணக்கைப் பழகி வைத்திருக்கிறது. ஆகவேதான் நம் மாணவருக்கு 'மெதுவாக விழுகிறான்' என்று பட்டது. தம் விதியை மறந்தார். ஆனால் அவன் பெரியவன் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை! சிறு மாதிரிக் கப்பலைத் தொட்டியில் மூழ்கவைத்து அதைப் பெரிய கப்பலாகக் காட்டுபவர்களும் காமிராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்து அசைவை மெதுவாக்குவது இதே கணக்கினால்தான்.

சரி, படம் இயற்பியலை முழுவதும் மதிக்கிறதா? இல்லை. 16 மடங்கு உயரமானவனுக்கு எடை 16-இன் மும்மடி, அதாவது 4,096 மடங்கு. எலும்பின் குறுக்குப் பரப்போ 256 மடங்குதான். எனவே எலும்பின் மேல் அழுத்தம் 16 மடங்கு கூடிவிடும். முதல் அடி வைக்கும்போதே கால் முறிந்துபோகும். 1638-இல் வெளிவந்த 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் கலிலியோ இதை விளக்கினார். யானையின் கால் எறும்பின் காலைப்போல் மெலிந்திருக்காததற்குக் காரணம் இதுவே.

ஆனால் இந்த மீறல் நம்மை உறுத்துவதில்லை. ஏன்? எலும்பின் அழுத்தத்தை நாம் கண்ணால் கண்டதில்லை. விழும் நேரத்தைத் தினமும் காண்கிறோம். ஆகவே என் மதிப்பீட்டின் அளவுகோல் இது: கற்பனைப் படம் இயற்கையின் விதியை மீறலாம், கண் பழகிய அனுபவத்தை மீறக் கூடாது. அரக்கன் இருக்கலாம், எடையில்லாத அரக்கன் இருக்கக் கூடாது. இந்த அளவுகோலில் சாகோவின் கும்பகர்ணன் நன்றாகவே தேறுகிறான். இன்று கணினியில் கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் சில புராணப் படங்களில் பெரிய பெரிய உருவங்கள் ஈயைப்போல் துள்ளுகின்றன. அவற்றின் உரோமம்கூட ஒவ்வொன்றாகத் தெரிகிறது. எடை மட்டும் தெரியவில்லை.

அணையும் கடலும்: என் குறை

இனி எங்கள் ஊர்க் காட்சிக்கு வருகிறேன். வானரங்கள் மலையையும் மரத்தையும் பெயர்த்துக் கடலில் இட்டு அணை கட்டும் காட்சி படத்தின் பெருமைகளில் ஒன்று. கூட்டத்தை வரைவது சித்திரக்காரருக்குக் கடுமையான வேலை; ஒவ்வோர் உருவமும் தனியாக அசையவேண்டும். அதைச் சலிக்காமல் செய்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கடல் எங்கள் கடல் அன்று. அது எந்த நாட்டுக்கும் பொருந்தும் ஒரு பெருங்கடல். இரண்டு கடலும் சந்திக்கும் இடத்தின் தன்மை அதில் இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்; அங்கே கடல் பெரும்பாலும் 1 முதல் 10 மீட்டர் ஆழம்தான். மணல் திட்டுகள் தலைகாட்டும், இடம் மாறும். ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தால் தீர்மானிக்கப்படுகிறது. ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் போகும் அலை, 2.5 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 5 மீட்டராகக் குறையும். முன்னால் போவது தயங்கும், பின்னால் வருவது நெருங்கும். அலை உயர்ந்து உடையும். இதைப் பார்த்த மாத்திரத்தில் 'திட்டு இருக்கிறது' என்று எங்கள் மீனவர் படகைத் திருப்புவார்.

பெண்கடல், ஆண்கடல் என்பதும் வெறும் பேச்சன்று. தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணை தணிந்திருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழாகும். ஒரே மணல்முனையின் இரு கரையில் இரண்டு விதமான அலை! சித்திரக்காரருக்கு இதைவிட வேறென்ன வாய்ப்பு வேண்டும்? சேனை எந்தக் கடலோரம் தங்கியது, கல் எந்தப் பக்கம் அடித்துக்கொண்டு போயிற்று என்று காட்சியே மாறியிருக்கும். ஹயாவோ மியாசாகி 2008-இல் எடுத்த 'போன்யோ' படத்தில் கடலே ஒரு பாத்திரமாகக் கையால் வரையப்பட்டு உயிரோடு எழுந்து வருவதைப் பார்க்கும்போது, சாகோவின் கூடத்தார் அரிச்சல்முனையில் ஒரு பருவம் முழுவதும் உட்கார்ந்து வரைந்திருக்கக் கூடாதா என்று ஏக்கம் வருகிறது. அரண்மனைக்குக் காட்டிய ஆராய்ச்சியைக் கடலுக்குக் காட்டவில்லை. இது என் முதல் குறை.

வால்மீகி இந்த அணையை ஐந்து நாளில் கட்டியதாகப் பாடுகிறார். முதல் நாள் 14 யோசனை, அடுத்து 20, 21, 22, 23, மொத்தம் 100. தூரம் கவிஞரின் கணக்கு. அதை நில அளவையாளரிடம் கொண்டுபோக வேண்டாம். ஆனால் நாளுக்கு நாள் வேலை கூடுவதைப் பாருங்கள். கை பழகப் பழக வேகம் கூடும் என்பதை அந்தக் கவி எண்ணிப் பார்த்திருக்கிறார். படத்தில் வேலை தொடக்கம் முதலே முழு வேகத்தில் போகிறது. முதல் நாளின் தடுமாற்றத்தையும் ஐந்தாம் நாளின் தேர்ச்சியையும் வேறுபடுத்திக் காட்டியிருந்தால், அணை கட்டியது மந்திரத்தால் அன்று, உழைப்பால் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கும். இது இரண்டாவது குறை.

கல் மிதந்ததா என்று கேட்பீர்கள். ராமேசுவரத்தில் தொட்டியில் மிதக்கும் கல்லை யாத்திரிகருக்குக் காட்டுவது வழக்கம். பவளக் கூட்டின் பொருளான அரகோனைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.9 கிராம், கடல்நீருடையது 1.03. கல்லின் கன அளவில் ஏறக்குறைய 65 சதவீதத்துக்கு மேல் நீர் புகாத காற்றறைகள் இருந்தால் அது மிதக்கும். எரிமலை நுரைக்கல்லும் இதே காரணத்தால் மிதக்கும். நீர் உள்ளே புகுந்தால் மெல்ல மூழ்கும். இதைச் சொல்வதால் யாருடைய பக்தியும் குறையாது. ஆர்க்கிமிடீசுக்கும் ஆஞ்சநேயருக்கும் சண்டை மூட்டுவது ஆசிரியரின் வேலை அன்று. மிதக்கும் கல்லைக் கையில் எடுத்து எடைபோட்டுப் பார்க்கும் ஆர்வத்தை மாணவருக்கு ஊட்டுவதுதான் வேலை.

கார்ட்டூன் என்றால் இளப்பமா?

இப்போது அந்தப் பழைய சொல்லுக்குத் திரும்புகிறேன். ராமாயணத்தைக் கார்ட்டூனாகக் காட்டக் கூடாது என்றார்களே, அந்த அச்சத்தின் பின்னால் பக்தி மட்டும் இல்லை. படம் வரைவது சிறுபிள்ளை விளையாட்டு என்ற இளப்பமும் இருந்தது. அந்த இளப்பம் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறது. இயற்பியல் செய்முறை ஏட்டில் மாணவர் வரையும் படங்களைப் பார்க்கிறேன். பெரும்பாலானவை புத்தகத்தைப் பார்த்து வரைந்தவை, அல்லது முந்தைய ஆண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்து வரைந்தவை. எதிரே இருக்கும் கருவியைப் பார்த்து வரைந்தவை மிகச் சில. எறியப்பட்ட பந்தின் பாதையைச் சம நேர இடைவெளியில் புள்ளியிடச் சொன்னால், உச்சியில் புள்ளிகள் நெருங்கவேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சூத்திரம் மட்டும் மனப்பாடம்.

ஒரு சித்திரக்காரரால் இப்படித் தப்பிக்க முடியாது. எங்கே நெருக்குவது, எங்கே விலக்குவது என்று தெரியாவிட்டால் அவருடைய பந்து துள்ளாது. வரைவது அவருக்கு அளப்பது. நம் கதையை வேறொருவர் வரைந்தாரே என்று வருந்துவதில் பயனில்லை. கதை எல்லாருக்கும் பொது. தாய்லாந்துக்காரரும் இந்தோனேசியரும் எத்தனை நூற்றாண்டாக அதை ஆடுகிறார்கள்! நம் கடலை, நம் மண்ணை, நம் நடையை நாமே பார்த்து வரையாமல் விட்டோமே, அதற்குத்தான் வருந்தவேண்டும். அந்தப் படத்தில் எங்கள் கடல் இல்லாமல் போனதற்கு சாகோவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சேர்ந்து செய்வோம் என்று அவர் கேட்டபோது மறுத்தவர்கள் நாம்தான்.

குறைகள் இருந்தும், கையால் வரைந்த இந்தப் படம் முப்பது ஆண்டு கழித்துத் திரைக்கு வந்தபோதும் பழசாகத் தோன்றவில்லை. கருவிகள் மாறிவிட்டன, விழும் பொருளின் கணக்கு மாறவில்லை. வாய்ப்புள்ளவர்கள் அவசியம் பாருங்கள். பார்க்கும்போது கையில் ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு, பெரிய உருவங்கள் விழும் நேரத்தை அளந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த 24 பக்கங்களின் ஓரத்தில் ஒரு பந்து விழுந்து எழும்புவதை வரைந்து, கட்டைவிரலால் பக்கங்களைப் படபடவென்று விடுங்கள். பந்து இறகைப்போல் மிதந்தால் உங்கள் புள்ளிகள் தவறு; அழித்து மீண்டும் வரையுங்கள். பந்து சரியாக விழத் தொடங்கியபின், ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகள் இன்னொன்றும் செய்யவேண்டும். அரிச்சல்முனைக்குப் போகும் நாளில் அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு பக்கத்து அலையை 24 தாளில் வரையுங்கள். திரும்பி நின்று மறுபக்கத்து அலையை 24 தாளில் வரையுங்கள். இரண்டும் ஒன்றுபோல் வந்தால் நீங்கள் கடலைப் பார்க்கவில்லை என்று பொருள்.